கெச்சியாவ் குறிப்புகள்: தண்ணீர் பாட்டில் தேசபக்தி

மார்ச் 4, 2024

கெச்சியாவ், நான் துணி வேலை பார்க்கும் சீன ஊர். சீனாவின் பெரிய பானக் கம்பெனியான வாஹாஹாவின் நிறுவனர் சோங் சிங்ஹோவ் பிப்ரவரி 25 அன்று காலமானார். ஊரே அஞ்சலி செலுத்தியது, சரி. அதற்குள் அஞ்சலி வசவாக மாறிவிட்டது. மாட்டிக்கொண்டது நோங்ஃபு ஸ்பிரிங். வாஹாஹாவைப் போலவே அதுவும் ஹாங்சோ நகரத்துத் தண்ணீர் பாட்டில் கம்பெனிதான். அதன் முதலாளி ஜோங் ஷான்ஷான் ஒரு காலத்தில் வாஹாஹா சரக்கை விற்றவர். ‘நன்றி கெட்டவர்’ என்று இணையத்தில் ஆரம்பித்திருக்கிறார்கள்.

மார்ச் 9

இப்போது அவர் தேசத்துரோகி. பாட்டிலின் சிவப்பு மூடி ஜப்பான் கொடியின் சூரியனாம். தேநீர் பாட்டிலில் இருக்கும் கோபுரம் ஜப்பான் கோயிலாம். மகன் அமெரிக்கக் குடிமகன் என்பது தனிக் கணக்கு. தண்ணீரைக் கழிப்பறையில் கொட்டும் வீடியோக்கள் வரிசையாக வருகின்றன. சாங்ஜோ நகரில் சில செவன் இலெவன் கடைகள் அந்தச் சரக்கையே எடுத்துவிட்டன.

எங்கள் கம்பெனியின் சாம்பிள் துணிப் பிரிவுப் பையனும் ஆபீஸ் ஃப்ரிட்ஜைக் காலி செய்து வாஹாஹாவை அடுக்கினான். அவ்வளவு கோபமா என்று கேட்டேன். “கோபமெல்லாம் இல்லை. யாராவது போட்டோ எடுத்துப் போட்டுவிட்டால் என்ன செய்வது?” என்றான். கத்துகிறவர்களைவிட இவனைப் போன்றவர்கள்தான் அதிகம் என்று தோன்றுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கூட்டம்.

மார்ச் 13

நோபல் வாங்கிய எழுத்தாளர் மோ யான், அவரையும் விடவில்லை. புரட்சி வீரர்களை இழிவுபடுத்திவிட்டார் என்று ஒரு பதிவர் வழக்குப் போட்டிருக்கிறார். இழப்பீடு 150 கோடி யுவான், ஒவ்வொரு சீனருக்கும் ஒரு யுவான் வீதம். என் யுவானையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம், வரி இங்கேதானே கட்டுகிறேன்!

மார்ச் 17

துணிக்காரனுக்கு 2021 மறக்காது. கட்டாய உழைப்புப் புகாரால் சிஞ்சியாங் பருத்தியை வாங்குவதில்லை என்று ஸ்வீடன் துணிக் கம்பெனி எச் அண்ட் எம் சொன்னது 2020இல். மாதக்கணக்கில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2021 மார்ச் 24 அன்று கட்சியின் கம்யூனிஸ்ட் இளைஞர் கழகம் வெய்போ என்ற சமூக ஊடகத்தில் ஒரு பதிவு போட்டதும், இணையக் கடைகளிலிருந்து அந்தப் பெயரே காணாமல் போனது. வரைபடச் செயலியில்கூடக் கடை தெரியவில்லை.

அன்று குழாயைத் திறந்தது கட்சி. இந்தத் தடவை முன்னால் நிற்பவர்கள் வீடியோக்காரர்கள். பார்வை கூடினால் அவர்களுக்குக் காசு. வெளிநாட்டுக் கம்பெனிதான் வேண்டும் என்பதும் இல்லை, உள்ளூர்ப் பணக்காரரை அடித்தால் இன்னும் நன்றாக ஓடுகிறது.

ஜூன் 30

சூஜோ நகரில் 24ஆம் தேதி ஜப்பானியப் பள்ளிப் பேருந்துக்காகக் காத்திருந்த தாயையும் குழந்தையையும் ஒருவன் கத்தியால் குத்தினான். தடுக்கப் போன பேருந்து உதவியாளர் இறந்துவிட்டார். சீனப் பெண். குத்தியவனைப் புகழ்ந்துகூடப் பதிவுகள் வந்தன. டென்சென்ட் முதலான இணையக் கம்பெனிகள் ஜப்பானியர் மீது வெறுப்பைத் தூண்டும் பதிவுகளை நீக்குவதாக அறிவித்திருக்கின்றன.

இறந்தவருக்கு அரசு வீரப் பட்டம் தரப்போகிறது. தர வேண்டியதுதான். ஆனால் ஜப்பானியப் பள்ளிகள் உளவாளிக் கூடங்கள் என்ற வீடியோக்கள் இதற்கு முன்பே எவ்வளவோ காலமாக ஓடிக்கொண்டிருந்தன. தலைவர்களைப் பற்றி ஒரு கிண்டல் எழுதிப் பாருங்கள், அது எவ்வளவு சீக்கிரம் காணாமல் போகிறதென்று.