ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே எங்கள் கணிதத் துறைக்கு வேலை மாறிவிடும். வகுப்பறையைப் பூட்டிவிட்டு நிர்வாகக் கட்டடத்தின் முன்கூடத்தில் மேசை போட்டு உட்காருவோம். கொங்கு நாட்டுத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் நடத்தியிருக்கிறேன். அத்தனை ஆண்டுகளும் மே, ஜூன் மாதங்கள் இப்படித்தான் கழிந்தன. எதிரே அப்பா, அம்மா, சில நேரம் தாய்மாமன். மடியில் மஞ்சள் பை, பைக்குள் மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ். பையன் மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"எந்தக் குரூப்புங்க நல்லது?" என்பார் அப்பா.

பையனிடம் கேட்டால், "எதுனாலும் சரி சார்" என்பான். மூன்று தலைமுறை சேர்த்த காசை எதிலோ போட வந்திருக்கிறார்கள். அது எது என்று யாரும் அவனிடம் பேசியிருக்கவில்லை. அந்த மேசையில் நாங்களும் பேசவில்லை, பேசச் சொல்லி எங்களுக்கு உத்தரவு இல்லை. பாடம் நடத்தப் போகிறவர்கள் நாங்கள்தான். ஆனால் யாருக்கு நடத்தப் போகிறோம் என்பதை முடிவு செய்ததில் எங்களுக்குப் பங்கே கிடையாது.

சிறுபான்மை அல்லாத தனியார் கல்லூரி என்றால் 65 சதவீத இடங்கள் அரசு கவுன்சலிங்குக்குப் போகும், 35 சதவீதம் நிர்வாகத்தின் கையில் நிற்கும். சிறுபான்மைக் கல்லூரியில் இது பாதிக்குப் பாதி. முதல் பங்கைக் கட்-ஆஃப் தேர்ந்தெடுக்கிறது. இரண்டாவது பங்கை எது தேர்ந்தெடுக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

கட்-ஆஃப் முறையை நான் நிறையத் திட்டியவன். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில் அதற்கு ஒரு நூறு, மொத்தம் 300. 2006இல், நுழைவுத் தேர்வு வேண்டுமா என்று ஆராய அரசு அமைத்த ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு சட்டம் வந்து, 2007 முதல் நுழைவுத் தேர்வு போயிற்று. தரம் போயிற்று என்று ஆசிரியர் அறையில் அன்று புலம்பியவர்களில் நானும் ஒருவன். பிறகு என் கருத்து மாறியது. நுழைவுத் தேர்வு பெரும்பாலும் அளந்தது கோச்சிங் மையத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தைத்தான். அந்தியூர் மலைப்பக்கத்துப் பிள்ளைக்கு அந்தத் தூரம் அதிகம். கட்-ஆஃபுக்குச் சிபாரிசு தெரியாது, அதை ஒளித்துவைக்கவும் முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரில் கவுன்சலிங் நடந்த காலத்தில் விவசாயிகள் டிமாண்ட் டிராப்டைப் பையில் வைத்துக்கொண்டு, இரவெல்லாம் ரயிலில் வந்து, திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதை அண்ணாந்து பார்த்து நிற்பார்கள். யாரிடமும் கெஞ்சாமல் இடம் வாங்கிப் போன மனிதர்கள் அவர்கள். 2018இல் எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டது. அலைச்சல் மிச்சம்தான்.

ஆனாலும் மதிப்பெண் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. விடுதிப் பள்ளிகள் பல பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்திய காலம் ஒன்று இருந்தது. சார்பு, எல்லை, வகையிடலின் தொடக்கம் எல்லாம் அந்தப் பிளஸ் ஒன் புத்தகத்தில்தான் இருந்தன. கணிதத் தேர்வே 200 மதிப்பெண்ணுக்கு நடந்த அந்த நாளில், 200க்கு 200 வாங்கிய பையன், எல்லையைக் கணக்கிட உதவும் லோபிதால் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். எல்லை என்றால் என்ன என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான். 2018இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்த பிறகு இது கொஞ்சம் குறைந்தது. 2021இல் கொரோனாவால் தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறையும் அகமதிப்பீடும் 30 என்று சமைத்த மதிப்பெண்ணோடு ஒரு வகுப்பு வந்து உட்கார்ந்தது. தரவரிசையில் இருவரின் மதிப்பெண்கள் எல்லாம் சமமாக நின்றால் பிறந்த தேதி பார்க்கப்படும், அதுவும் ஒன்றானால் குலுக்கல் போலக் கணினி தரும் ரேண்டம் எண். கணித ஆசிரியனாக அந்தக் கடைசி விதி மட்டும் எனக்கு எப்போதும் பிடிக்கும். அதில் பாசாங்கு இல்லை.

நிர்வாக இடங்களுக்கு வருவோம். நன்கொடைக்கு எதிரான சட்டம் தமிழ்நாட்டில் 1992இலேயே வந்துவிட்டது. 2005இல் இனாம்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு உதவி பெறாத கல்லூரிகள் தங்கள் மாணவர்களைத் தாங்களே சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அந்த முறை நியாயமாக, வெளிப்படையாக, சுரண்டல் இல்லாமல் இருக்க வேண்டும் என்றது. கல்லூரிகள் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டன. கூட்டம் குவிந்த காலத்தில் இடத்துக்கு விலை வைத்தார்கள். கூட்டம் வற்றிய பிறகு எங்களுக்கு இலக்கு வைத்தார்கள், ஆளுக்குப் பத்து அட்மிஷன் என்று. ஏப்ரல் வெயிலில் தொலைபேசி எண்கள் அச்சிட்ட தாளோடு ஊர் ஊராகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். முனைவர் பட்டம் வாங்கிய நண்பர் ஒருவரை, "காப்பீட்டு ஏஜென்ட்டுங்களா?" என்று கேட்ட பாட்டியை மறக்க முடியாது. அவர் கேட்டதில் தவறில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் கல்லூரி முதல்வரிடம் அனுமதி கேட்டேன். நிர்வாக இடத்துக்கு விண்ணப்பித்தவர்களில் முதலில் வருகிற சிலரோடு அரை மணி நேரம், தமிழில், எனக்கு வேண்டும் என்றேன். வேடிக்கையாகப் பார்த்துவிட்டு, "ஒருநாள்தான்" என்றார். எட்டுப் பேர் வந்தார்கள். பாடப்புத்தகக் கேள்வி எதுவும் வைக்கவில்லை. வீட்டுக் கரண்ட் பில் கணக்குதான். முதல் 100 யூனிட் இலவசம், அடுத்தடுத்த யூனிட்டுக்கு இவ்வளவு என்று அன்றைய கட்டணப் பட்டியலைக் கொடுத்து, யூனிட்டைக் கீழ் அச்சிலும் கட்டணத்தை மேல் அச்சிலும் வைத்துக் கோடு வரையச் சொன்னேன்.

ஐந்து பேர் ஒரே நேர்கோடு போட்டார்கள். ஒருவன் 100 வரை தரையோடு வந்து பிறகு ஏறினான், நல்ல பையன். இன்னொருவன் வரையவே இல்லை. தாள் மேல் கை வைத்துக்கொண்டு, "எனக்கு பி.காம். போகணும் சார், அப்பாதான் விடமாட்டேங்கறார்" என்றான்.

எட்டாவது ஆளாக வந்தது ஒரு பெண். கட்-ஆஃப் 120க்கும் கீழே. ஸ்கேல் கேட்டு வாங்கிக்கொண்டாள். கோடு 500 யூனிட் வரை ஏறியது. அங்கே பேனாவைத் தூக்கினாள். இரண்டு விரற்கடை மேலே தள்ளி வைத்து, மறுபடி தொடங்கினாள்.

"நடுவில் ஏன்ம்மா கோட்டை விட்டுவிட்டாய்?"

"500ஐத் தாண்டினால் முன்னால் ஓடின யூனிட்டுக்கும் விலை மாறிவிடும் சார். ஒரே ஒரு யூனிட்டுக்கு நூற்றுக்கணக்கில் ஏறும். ரீடிங் எடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்னாலிருந்தே அம்மா கிரைண்டரைப் போட மாட்டார். பக்கத்து வீட்டில்தான் மாவு."

தொடர்ச்சியின்மை என்ற கருத்தை முதல் செமஸ்டரில் இரண்டு வகுப்பு எடுத்து நடத்துவேன். பாதிப் பேருக்கு ஏறாது. இவள் அதைக் கிரைண்டரில் கண்டிருக்கிறாள்.

நேர்காணல் வைத்தால் ஆங்கிலம் பேசுகிறவன், இஸ்திரி போட்ட சட்டைக்காரன்தான் தேறுவான் என்ற பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் அரசு இடங்களைத் தொடக்கூடாது என்கிறேன். அங்கே கட்-ஆஃபும் இட ஒதுக்கீடும், 2021 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்த 7.5 சதவீதமும் அப்படியே நிற்கட்டும். நான் பேசுவது எங்கள் கையில் இருக்கும் அந்த 35ஐப் பற்றித்தான். அதில் ஆளைப் பார்த்து எடுக்க வேண்டும். பார்ப்பவர்கள் முதலாண்டுக்குப் பாடம் நடத்தும் இருவராக இருக்க வேண்டும், அதில் ஒருவராவது பணிமனைக்காரராக இருந்தால் நல்லது. கேள்வி தமிழில், தாளிலோ கையிலோ செய்து காட்டுகிற மாதிரி. விடைத்தாளையும் எங்கள் கருத்தையும் குடும்பத்தின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். இவனுக்குப் பொறியியல் வேண்டாம் என்று நாங்கள் நினைத்தால், கட்டணம் கட்டும் முன்பே அது அப்பாவுக்குத் தெரிய வேண்டும். எந்தத் தாளாளரும் இதற்கு ஒப்பமாட்டார். காலி நாற்காலிக்குக் கட்டணம் வராதே.

அன்று எட்டுப் பேருக்கும் எட்டுத் துண்டுச் சீட்டு எழுதி அலுவலகத்தில் கொடுத்தேன். பெண்ணின் சீட்டில், "கட்டாயம் சேர்க்கலாம், கட்டணத்தில் சலுகை கொடுத்தாவது" என்றும், அந்தப் பையன் சீட்டில், "வணிகவியல் கேட்கிறான், பெற்றோரிடம் பேச வேண்டும்" என்றும் எழுதியிருந்தேன். பெண்ணின் அப்பா தவணை கேட்டிருக்கிறார். அலுவலகத்தில் முழுத்தொகை என்று சொல்லிவிட்டார்களாம். அவர்கள் பிறகு வரவில்லை. எங்கே சேர்ந்தாள் என்று நானும் விசாரிக்கவில்லை.

பையன் மெக்கானிக்கலில் சேர்ந்தான். இரண்டாம் செமஸ்டர் முடிந்தபோது ஏழு அரியர். அப்பாவை அழைத்திருந்தார்கள், வகுப்பு ஆலோசகர் என்ற முறையில் நான்தான் பேச வேண்டும். கோப்பைத் திறந்தேன். கட்டண ரசீதுக்கு அடியில், ஓரத்தில் பஞ்ச் செய்து ஒழுங்காகக் கோத்து, என் கையெழுத்தில் அந்தச் சீட்டு இருந்தது. எதிரே மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர், "என்னங்க சார் பண்ணலாம்?" என்றார். கோப்பை என் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, எம்-1 என்ற முதல் செமஸ்டர் கணிதத் தாளை மட்டும் முதலில் எழுதி முடிக்கச் சொல்லுங்கள் என்றேன்.