பாறையேற்ற வழிகாட்டி ஒன்றைத் திருத்திய அனுபவம்: முதலில் நீளம், கடைசியில் கிரேடு

வழிகாட்டியில் 28 மீட்டர் என்று போட்டிருந்த ரூட் (பாறையில் ஏறிப்போகிற வழி) உண்மையில் 32 மீட்டர். நாலு மீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் 60 மீட்டர் ரோப்போடு போகிறவருக்கு அந்த நாலு மீட்டர் உயிர்ப் பிரச்சினை. உச்சியில் இருக்கும் ஆங்கரில், அதாவது பாறையில் பதித்த பிடிமானத்தில், ரோப்பைக் கோத்து ஆளைக் கீழே இறக்கும்போது, மேலே போகிற ரோப், இறங்கி வருகிற ரோப் என்று ரூட்டின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு வேண்டும். 28 மீட்டருக்கு 56 போதும், 32 மீட்டருக்கு 64 வேண்டும். எங்கள் குழுவில் வியாசர்பாடித் தம்பி ஒருவன் அந்த ரூட்டை அழகாக ஏறி முடித்து இறங்கிக்கொண்டிருந்தபோது, தரைக்கு மேலே மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் ரோப் தீர்ந்துவிட்டது. பிலே பிடித்த, அதாவது கீழே நின்று ரோப்பைக் கட்டுப்படுத்திய அக்கா, ரோப்பின் நுனியில் பெரிய முடிச்சு போட்டிருந்ததால் முடிச்சு பிலே கருவியில் வந்து மாட்டி நின்றது. முடிச்சு இல்லாமல் இருந்தால் நுனி கருவியை விட்டு ஓடி, அவன் அப்படியே கல்லின் மேல் விழுந்திருப்பான். அக்கா அடியில் கிடந்த பாறைமேல் ஏறி நின்று கொஞ்சம் ரோப் விட்டுக்கொடுத்து, அவன் எட்டின போல்டில் (பாறையில் துளைபோட்டு இறக்கிய இரும்பு ஆணி) தன்னைக் கோத்துக்கொண்டு, அப்புறம் மெதுவாக இறக்கினோம்.

அன்றைக்கு ரயிலில் திரும்பி வரும்போதே பேசி முடிவெடுத்தோம், இந்த வழிகாட்டியை முழுசாகத் திருத்த வேண்டும் என்று. பாறையேறுகிறவர்கள் பலர் சேர்ந்து பல வருஷமாக எழுதி வைத்தது அது, யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம், மூத்தவர்கள் இரண்டு பேர் பார்த்து ஏற்றுக்கொள்வார்கள். நாங்கள் தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி என்று வடசென்னையில் ஆளுக்கொரு பக்கம் இருக்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரில் ரயில் பிடித்து ஜோலார்பேட்டையில் இறங்கினால், ஏலகிரி அடிவாரத்துப் பக்கம் இந்தச் சின்னப் பாறைப் பகுதி. பெயரை இங்கே எழுதவில்லை, காரணம் பின்னால் வருகிறது.

நீளத்தை அளப்பதுதான் முதல் வேலை என்று வைத்துக்கொண்டோம். லேசர் மீட்டர் ஒன்று ஒருவரிடம் இருந்தது, கட்டடத்துக்குள் அருமையாக வேலை செய்யும். வெட்டவெளி வெயிலில் அந்தச் சிவப்புப் புள்ளி எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை. வண்ணாரப்பேட்டையில் தெரிந்த கட்டட மேஸ்திரியிடம் 50 மீட்டர் சர்வே டேப் இரவல் வாங்கிப் போனோம் (30 மீட்டர் டேப் கடையில் சுலபமாகக் கிடைக்கிறது, ஆனால் நாம் சந்தேகப்படுவதே 30ஐத் தாண்டிய ரூட்களைத்தான்). ஒருவர் உச்சி ஆங்கரில் தன்னைக் கட்டிக்கொண்டு, டேப்பின் நுனியில் ஒரு சின்ன எடையைக் கட்டிக் கீழே விடுவார். நேராகத் தொங்குகிற இடத்தில் இது போதும். பாறை சரிவாகவோ ரூட் வளைந்தோ போகிற இடத்தில் டேப் காட்டுவது குறைவாக இருக்கும், அங்கே ஏறுகிறவரை இறக்கும்போது ரோப்பிலேயே தரை தொடும் இடத்தில் துணி டேப் ஒட்டி, பிறகு அந்த ரோப்பைத் தரையில் விரித்து அளந்தோம். இரண்டு அளவும் வேறுபட்டால் பெரியதை எழுதினோம். சிறியதை எழுதி யாருக்கும் நன்மை இல்லை.

பழைய குறிப்பில் நீளம் மட்டும்தான் இருந்தது. நாங்கள் அதற்குப் பக்கத்தில் 'குறைந்தது எத்தனை மீட்டர் ரோப்' என்று தனியாக ஒரு வரி சேர்த்தோம், அதைப் பெரிய எழுத்தில் கிரேடுக்கு (ரூட் எவ்வளவு கஷ்டம் என்று சொல்லும் அளவு) முன்னாலேயே வைத்தோம். காரணம், பாறையின் அடியில் பரபரப்பாக நிற்கிறவர் இரண்டால் பெருக்கிப் பார்க்கமாட்டார். இன்னொன்று, 60 மீட்டர் என்று வாங்கின ரோப் 60 மீட்டராகவே இருப்பதில்லை. நுனிகள்தான் முதலில் தேய்கின்றன, தேய்ந்த பகுதியை வெட்டி எடுக்கிறோம், இரண்டு வருஷத்தில் அது 55, 56 ஆகிவிடும். நடுக்குறி பழைய இடத்திலேயே இருக்கும், ஆனால் அது இப்போது நடுவில் இருக்காது. டைனமிக் ரோப், அதாவது விழுகிற அதிர்ச்சியைத் தாங்க இழுபடும் வகை ரோப், ஆளின் எடையில் கொஞ்சம் இழுபடும் என்பது உண்மை, 80 கிலோவுக்கு 10 சதவீதம் வரை தரவிதி அனுமதிக்கிறது, ஆனால் அந்த இழுவையை நம்பிக் கணக்குப் போடக்கூடாது என்று தெளிவாகவே எழுதினோம். கூடவே நுனி முடிச்சு கட்டாயம் என்று.

அடுத்தது போல்ட். இதில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே அக்கறை உண்டு, ஏனென்றால் காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேலை செய்கிற பட்டறையில்தான் எனக்குப் பிழைப்பு. பழைய வழிகாட்டியில் எல்லா ரூட்டுக்கும் 'போல்ட் நன்றாக இருக்கிறது' என்று ஒரே வரி. யார் பார்த்தது, எப்போது பார்த்தது, எந்த உலோகம், எதுவும் கிடையாது. தேதி இல்லாத 'நன்றாக இருக்கிறது' எந்தக் காலத்து நிலைமையைச் சொல்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான் காந்தத் துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி எடுத்துப் போனேன். ஜிங்க் பூசின சாதாரண ஸ்டீல் போல்ட் என்றால் காந்தம் கப்பென்று ஒட்டும், 304, 316 வகை எஸ்எஸ் என்றால் ஒட்டாது, அல்லது லேசாகத்தான் இழுக்கும். இந்தப் பாறையில் பாதி இடத்தில் ஹேங்கர் (போல்டில் மாட்டியிருக்கும், ரோப்பைக் கோக்க உதவும் தகடு) எஸ்எஸ், உள்ளே இறங்கியிருக்கும் போல்ட் ஜிங்க் பூசின ஸ்டீல், அதாவது கட்டட வேலையில் ஆங்கர் ஃபாஸ்டனர் என்கிறோமே அதே சாதி. இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அவற்றில் மட்டமானது வேகமாக அரிக்கும், இங்கே அது போல்ட்தான். வெளியே ஹேங்கர் பளபளவென்று இருக்கும், துளைக்குள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மழைத்தண்ணீர் வடிந்து கருப்புக் கோடு விழுந்திருக்கும் இடங்களில் உள்ள போல்ட்களைத் தனியாகக் குறித்தோம். படகில் 304 சங்கிலிக் கொளுவி உப்புக்காற்றில் சீக்கிரமே பழுப்பு தட்டுவதையும், 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 தாக்குப்பிடிப்பதையும் தினமும் பார்க்கிறேன். மலையடிவாரத்தில் கடல் உப்பு கிடையாது, அங்கே 304 மோசமில்லை. அங்கே கவலையெல்லாம் ஜிங்க் பூச்சு போன போல்ட்களைப் பற்றித்தான். ஹேங்கரில் ஏ2 என்று அடித்திருந்தால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை, இந்தக் குறியையும் போட்டோ எடுத்துச் சேர்த்தோம். ஹேங்கர் கையால் சுற்றுகிறதா, நட் தளர்ந்திருக்கிறதா, விட்டம் 10 மில்லிமீட்டரா 12ஆ, பார்த்த மாதம், வருஷம். இவ்வளவும் ஒவ்வொரு ரூட்டுக்கும் இப்போது இருக்கிறது. தெரியாத இடத்தில் 'பார்க்கவில்லை' என்றே எழுதினோம். மூத்தவர்களில் ஒருவர் இது படிக்கிறவர்களைப் பயமுறுத்தும் என்றார். பயப்படட்டும் அண்ணே என்று சொன்னேன், அவரும் ஏற்றுக்கொண்டார்.

போகும் வழிக் குறிப்பு இன்னொரு தலைவலி. வரைபடப் புள்ளி பாறையில் விழவே இல்லை. யாரோ 12 டிகிரி 34 நிமிஷம் என்று இருந்ததை 12.34 என்று போட்டுவிட்டிருந்தார்கள். 34 நிமிஷம் என்பது 60இல் 34, அப்படியானால் 12.567 என்று வர வேண்டும்; 12.34 என்று போட்டால் புள்ளி ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தெற்கே போய்விடுகிறது. அதைச் சரிசெய்தது ஐந்து நிமிஷ வேலை. மாவட்டமும் வேலூர் என்றே இருந்தது, 2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆகிவிட்டது, அதையும் மாற்றினோம்.

நடைபாதையை எழுதுவதுதான் கஷ்டம். எழுதி முடித்த தாளை, அங்கே போயே இராத ராயபுரத்துப் பையன்கள் இரண்டு பேரிடம் கொடுத்து, எங்களுக்குப் போன் போடாமல் போய்ச் சேருங்கள் பார்ப்போம் என்று அனுப்பினோம். நீலப் பெயின்ட் சுவர் பக்கம் திரும்பவும் என்று எழுதியிருந்தோம், சுவரை வெள்ளையடித்துவிட்டார்கள். வேப்பமரத்தைத் தாண்டி என்று எழுதியிருந்தோம், வழியெல்லாம் வேப்பமரம். வேறு பக்கம் ஏறி முள்ளுக்காட்டில் மாட்டிக்கொண்டு மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்தார்கள், பாவம். அவர்கள் சொன்னதை வைத்துத்தான் இப்போதுள்ள குறிப்பு எழுதப்பட்டது: வாட்டர் டேங்க், கல்வெர்ட், மின்கம்பத்தில் இருக்கும் எண் என்று சீக்கிரம் மாறாத அடையாளங்கள் மட்டும்.

கிரேடு பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பிரெஞ்சுக் கணக்கில் 6ஏவா 6பியா, அமெரிக்கக் கணக்கில் 5.10ஆ 5.11ஆ என்று மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் அதிக நேரம் பேச்சு ஓடியது. ஏறினவர்கள் ஆளுக்கொன்று சொன்னதில் நடுவாக வந்ததைப் போட்டோம். ரூட் வைத்தவர் சொன்ன கிரேடையும் பக்கத்திலேயே வைத்தோம், அது அவருக்குத் தருகிற மரியாதை. கிரேடு ஒரு படி தப்பானால் ஏற முடியாமல் இறங்கி வருவார்கள், அவ்வளவுதான்.

ஊர்க்காரர்களிடம் பேசியது தனிக்கதை. பாறைக்குப் போகும் வழி ஒருவருடைய பட்டா நிலத்து வரப்பில் போகிறது, பாறையின் ஒரு கோடியில் முனீஸ்வரன் கல் இருக்கிறது. பழைய வழிகாட்டிப் படத்தில் அந்தக் கல்லுக்கு மேலேயே ஒரு ரூட்டுக்குக் கோடு போட்டிருந்தார்கள். அந்த நிலத்துக்காரப் பெரியவர் அதை என் போனில் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம், "வெள்ளிக்கிழமை வராதீங்க, அந்தப் பக்கம் கால வைக்காதீங்க, கூட்டம் சேக்காதீங்க, மத்தபடி ஏறுங்க சாமி" என்றார். பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் அந்த மூன்றாவது வார்த்தைதான். அந்த ரூட்டை வழிகாட்டியிலிருந்து அழித்துவிடலாம் என்று ஒரு கருத்து வந்தது. அழித்தால் அடுத்த வருஷம் யாராவது வந்து, காலியான நல்ல பாறை இருக்கிறதே என்று புதுசாகப் போல்ட் அடித்துவிடுவார்கள். எனவே படத்திலேயே அந்தப் பகுதியைச் சுற்றிக் கட்டம் போட்டு, இங்கே ஏறக்கூடாது, காரணம் இது என்று எழுதினோம். பின்பக்கத்துச் சரிவு காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது, அதையும் எல்லைக் கல்லின் படத்தோடு போட்டிருக்கிறோம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ பிடித்து மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளே கொண்டுவந்திருக்கிறது, இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மலைத்தேனீ பற்றி முன்பு ஒரு வார்த்தை கூட இல்லை. அவை முன்னால் துருத்தி நிற்கும் பாறைக்கு அடியில் கூடு வைக்கும், பருவத்துக்குப் பருவம் இடம் மாறும், போன மாதம் இல்லாத கூடு இந்த மாதம் இருக்கும். அதனால் 'தேனீ இல்லை' என்று எந்த ரூட்டுக்கும் எழுதவில்லை, கூடு பார்த்த இடத்தையும் மாதத்தையும் மட்டும் எழுதுகிறோம். கூட்டுக்குப் பக்கத்தில் போகிற ரூட்டை அந்தப் பருவத்தில் விட்டுவிட வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும்போது கலைந்துவிட்டால் பிலே பிடிப்பவர் முதலில் ஓடிவிடக்கூடாது, ரோப்பில் தொங்குகிறவரை இறக்கிவிட்டுத்தான் எல்லோரும் ஓட வேண்டும். 108க்குப் போன் செய்தால் எந்த இடத்தைச் சொல்வது, வண்டி எதுவரை வரும், அங்கிருந்து ஆளைத் தூக்கிவர எந்தப் பாதை நல்லது என்பதையும் அந்தப் பகுதியிலேயே சேர்த்தோம், தமிழிலும் ஆங்கிலத்திலும்.

திருத்தம் எல்லாம் ஒரேயடியாக அனுப்பியபோது முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், எதை மாற்றியிருக்கிறோம் என்று அவர்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அது நியாயம்தான். ஒவ்வொரு ரூட்டையும் தனித்தனியாக, காரணமும் போட்டோவும் வைத்து அனுப்ப ஆரம்பித்ததும் வேகமாக ஏற்றுக்கொண்டார்கள். இடது கோடியில் இரண்டு ரூட் மட்டும் இன்னும் 'அளக்கவில்லை' என்றே நிற்கிறது, அங்கே இப்போது தேன்கூடு. கூடு கிளம்பின பிறகு அந்தப் பக்கம் வருகிறவர்கள் யாராவது 50 மீட்டர் டேப் கொண்டுவர முடிந்தால் சொல்லுங்கள், மேஸ்திரியின் டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.