முருகா சொல்ல நேரமில்லாத பாலம்

மதுரையிலிருந்து ராமேசுவரம் போகும் பாசஞ்சர் ரயில். மண்டபம் தாண்டியதும் பெட்டியில் இருந்த பாதிப்பேர் ஒரே பக்கத்து ஜன்னல்களில் மொய்த்துக்கொண்டார்கள். கடல் இரண்டு பக்கமும்தான் இருக்கிறது. ஆனால் 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலம் ஒரு பக்கம்தான் தெரிந்தது. ஓய்வுபெற்ற தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல அது நிற்க, பேரனாகிய புதுப்பாலத்தில் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். எல்லார் கையிலும் போன். கடலை நேராகப் பார்த்தவர்கள் நானும், பரமக்குடியில் ஏறிய ஓர் அப்பத்தாவும்தான். என் போனில் சார்ஜ் இல்லை.

"பழைய பாலத்துல ரயிலு ஊர்ந்து போகும் தம்பி. கரை வர்ற வரைக்கும் முருகா முருகான்னு சொல்லிக்கிட்டே வருவோம். இப்ப ரெண்டாவது முருகாவுக்குள்ள பாம்பன் வந்துருது" என்றார் அப்பத்தா.

அவர் குரலில் இருந்தது பாராட்டா புகாரா என்று புரியவில்லை. 1964 டிசம்பர் புயலில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயிலைக் கடல் அப்படியே வாரிக்கொண்டு போனதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. சிதைந்த பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள், பயத்தைச் சரிசெய்ய அறுபது வருடம் ஆகியிருக்கிறது. கப்பல் வந்தால் பழைய பாலத்தை ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறப்பார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப்பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகிறது, லிஃப்ட் மாதிரி.

கோயிலில் வேறு விதமான வேகம். அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட்டு உள்ளே போனால் 22 தீர்த்தம். வாளிக்காரர் கிணற்று மேட்டில் நின்று இறைத்து ஊற்றுகிறார். மகாலட்சுமி தீர்த்தத்தில் கண்ணை மூடிக் கும்பிட்டேன். ஏழெட்டுக் கிணறு தாண்டியதும் கும்பிடுவது போய், "வழுக்குது, பார்த்து வாங்க" என்பதுதான் எல்லார் வாயிலும் மந்திரம். கோடி தீர்த்தத்தில் கடைசி வாளி விழுந்தபோது, கழுவிய பாவங்களைவிட லாக்கரில் வைத்த போனின் டோக்கன் பத்திரமாக இருக்கிறதா என்பதே என் கவலை. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களுக்குள் போன் கூடாது என்று சொன்னதிலிருந்து பக்தி கூடியதோ இல்லையோ, டோக்கனைத் தடவிப் பார்ப்பது கூடியிருக்கிறது. சார்ஜ் இல்லாத போனுக்கே எனக்கு இவ்வளவு என்றால் மற்றவர்களை என்ன சொல்ல!

சாயங்காலம் கரைப்பக்கம் போனேன். ஒரு விசைப்படகின் முகப்பில் மாதா படம், உள்ளே சின்னதாக ஒரு பிள்ளையார். வலை பின்னிக்கொண்டிருந்தவரிடம், "ரெண்டு பேரையும் வச்சிருக்கீங்களே அண்ணே" என்றேன்.

"முதலாளிக்கு மாதா, டிரைவருக்குப் பிள்ளையார். இலங்கை நேவி வந்தா யாரு காப்பாத்துனாலும் சரிதான்" என்றார்.

எல்லை தாண்டினால் சிறை, படகு பறிமுதல். அந்தப் பக்கத்துத் தமிழ் மீனவர்களோ, நம் இழுவைமடிகள் தங்கள் கடலடியை வழித்துப் போகின்றன என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் அவரே, "இம்புட்டுப் பெரிய பாலம் கட்டுறாக. கடல்ல கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஒரு கோடு போடக்கூடாதா?" என்று கேட்டுவிட்டு ஊசியில் நூலைச் சுற்றத் தொடங்கினார்.

இரவு ரயிலில் திரும்பினேன். எதிர் சீட்டில் ஒரு பையன் நல்ல தூக்கம். "பாலம் வந்துருச்சு, எந்திரிடா" என்று அவன் அப்பா உலுக்கினார். அவன் எழுந்து, கண்ணைக் கசக்கி, ஜன்னல் பக்கம் திரும்புவதற்குள் மண்டபம் விளக்குகள் வந்துவிட்டன.

"எங்கப்பா பாலம்?" என்றான்.