மாணவர் அமைப்பின் திரையிடலுக்கு எந்தப் படம்?

முதல் திரையிடலுக்கே 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' (1925) வேண்டாம். ஊமைப்படம் பழகாத கூட்டம் அரைமணியில் கைபேசிக்குள் போய்விடும்.

'சால்ட் ஆஃப் தி எர்த்' (1954) நல்ல தொடக்கம். 94 நிமிடம்தான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத் துத்தநாகச் சுரங்க வேலைநிறுத்தக் கதை. தொழிலாளர் மறியலுக்கு நீதிமன்றம் தடை போட்டதும் மனைவிமார் களமிறங்குகிறார்கள். நடித்தவர்களில் பலர் அசல் சுரங்கத் தொழிலாளர்கள். வீட்டுவேலை யாருடையது என்ற விவாதம் தானாகச் சூடுபிடிக்கும் (நம் தோழர்களுக்கும் கொஞ்சம் உறைக்கும்!).

படம் தொடங்கும் நேரத்தை விடுதிக் கதவு மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். விவாதத்துக்கு 40 நிமிடம் கட்டாயம். தமிழ் வசனவரிக் கோப்பை யுடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்காவிட்டால் திரையில் கிறுக்கல்தான் வரும். முந்தின நாளே அதே மடிக்கணினி, அதே புரொஜெக்டரில் ஓட்டிப் பாருங்கள்.