டேவிட்சனின் 30ஆம் இலக்கம்

கூடைப்பந்து நட்சத்திரம் ஸ்டெஃபன் கரி விஷயத்தில் ரொறன்ரோக்காரருக்கு ஒரு சின்ன உரிமை உண்டு. தகப்பன் டெல் கரி நம் ஊர் ராப்டர்ஸ் அணியில் ஆடிய காலத்தில், மகன் எட்டாம் வகுப்பை எற்றோபிக்கோவில்தான் படித்தார். அன்று ஒல்லிப் பெடியன். அந்த ஒல்லி உடம்பே அவருக்கு முதல் தடையாகவும் இருந்தது. நம் மலரைப் படிக்கும் பலருடைய பிள்ளைகள் இங்கே பாடசாலை அணிகளில் ஆடுகிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் பகுதிகளைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உடம்பில் வலு போதாத பிள்ளை பந்தை இடுப்புக்குக் கிட்ட இருந்து தூக்கி எறியும். காலின் உந்தலும் கையின் வீச்சும் சேர்ந்தால்தான் பந்து வளையத்தை எட்டும் என்பதால் அப்படி. பந்து விழத்தான் செய்யும். ஆனால் எதிரே உயரமான தடுப்பாளர் நின்றால் கையை நீட்டித் தட்டிவிடுவார். கரியின் எறியும் இப்படித்தான் இருந்தது. பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் டெல் அதை முழுதாகக் கழற்றிப் பூட்டினார்: பந்து நெற்றிக்கு மேலிருந்து புறப்பட வேண்டும், முழங்கை வளையத்தைப் பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் தூரத்திலிருந்து எறியவே முடியவில்லை. வளையத்துக்குக் கிட்ட நின்றே எறிந்தார். நம் பிள்ளைகள் பிழைவிடும் இடமும் இதுதான். புது எறி பழகி மூன்றாம் நாளே மூன்று புள்ளிக் கோட்டுக்கு (அதற்கு வெளியே நின்று எறிந்து விழுந்தால் மூன்று புள்ளி) ஓடிவிடுவார்கள். தூரம் கூடியதும் பந்து தானாகவே பழையபடி இடுப்புக்கு இறங்கும். பந்து குறைந்து விழத் தொடங்கினால் ஓரடி முன்னே வர வேண்டும், அவ்வளவுதான்.

எறி திருந்திய பிறகும் பெரிய பல்கலைக்கழகங்கள் அவரைத் தேடி வரவில்லை. பெற்றோர் படித்த வேர்ஜீனியா டெக் கூட, புலமைப்பரிசில் இல்லாமல் வேண்டுமானால் வந்து சேரலாம் என்ற அளவில் நின்றது. சார்லட் நகருக்கு வடக்கே, இரண்டாயிரம் மாணவர்கூட இல்லாத டேவிட்சன் கல்லூரியின் பயிற்றுநர் பொப் மக்கிலொப்தான் அழைத்தார். 2006 நவம்பரில் கிழக்கு மிச்சிகனுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் கரி 13 தடவை பந்தைப் பறிகொடுத்தார். வேறொரு பயிற்றுநராக இருந்தால் வாங்கில் உட்கார வைத்திருப்பார். மறுநாள் மிச்சிகனுக்கு எதிராக 32 புள்ளிகள்!

மக்கிலொப் கற்றுக்கொடுத்தது பந்து கையில் இல்லாதபோது ஓடுவதை. தோழர் ஒருவர் ஸ்கிரீன் போட்டு, அதாவது தடுப்பாளரின் வழியை உடம்பால் மறித்து, அசையாமல் நிற்பார். எறிபவர் தோளோடு தோள் உரச அவரைக் கடக்க வேண்டும். ஒரு சாண் இடைவெளி விட்டாலே தடுப்பாளர் அதற்குள் நுழைந்துவிடுவார். தடுப்பாளர் பின்னாலேயே துரத்தி வந்தால் வளைந்து வளையத்தை நோக்கி வெட்ட வேண்டும்; ஸ்கிரீனுக்கு அடியால் சுற்றி வந்தால் விலகி மூலைக்குப் போக வேண்டும். பாதங்கள் பந்து வருமுன்னே எறிக்குத் தயாராக இருக்க வேண்டும். பந்தை வாங்கிய பிறகு காலைச் சரிசெய்பவருக்கு எறிய நேரம் கிடையாது.

2008 மார்ச் மாதத்தை அப்போது தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கல்லூரிகளின் தேசியச் சுற்றுப்போட்டிக்குள் பத்தாம் தரவரிசையில் நுழைந்த டேவிட்சன் கொன்சாகாவை 82–76 என வென்றது. அதில் கரி எடுத்தது 40, அவற்றில் 30 இரண்டாம் பாதியில். பிறகு ஜோர்ஜ்டவுன், விஸ்கொன்சின். விஸ்கொன்சின் ஆட்டம் நடந்த டிற்றொயிற்றுக்குப் போய்வர மாணவர்களுக்கு பஸ், நுழைவுச்சீட்டு, தங்குமிடம் எல்லாவற்றையும் கல்லூரி அறங்காவலர் சபையினரே ஏற்றுக்கொண்டார்கள். (நம் சங்கத்தின் கவனத்துக்கு!) கன்சாசிடம் 57–59 எனத் தோற்றார்கள். கடைசி நொடிகளில் கரியை இருவர் சூழ, பந்து ஜேசன் ரிச்சர்ட்ஸ் கைக்குப் போனது. அவர் எறிந்தது விழவில்லை. அந்த ஆண்டுச் சம்பியன் கன்சாஸ்தான்.

அடுத்த பருவத்தில் லொயோலா (மேரிலன்ட்) பயிற்றுநர் ஒரு வித்தை செய்தார்: கரி எங்கே நின்றாலும் இருவர் ஒட்டிக்கொள்வது. கரி மூலையில் போய் நின்றுவிட்டார். மூன்றே எறிகள், பூச்சியப் புள்ளிகள். மற்ற நால்வரும் மூவரை எதிர்த்து ஆடி, டேவிட்சன் 78–48 என வென்றது. பின்னாளில் என்.பி.ஏ. என்ற தொழில்முறைப் போட்டித் தொடரில் கோல்டன் ஸ்டேட் அணி அவரைச் சுற்றிக் கட்டிய ஆட்டமும் இந்தக் கணக்கில்தான் ஓடியது. அவர் மேல் இருவர் போனால் மற்ற நால்வருக்கு மூவரே எதிர்.

அதே பருவத்தில் கல்லூரி ஆட்டத்தின் மூன்று புள்ளிக் கோடும் 19 அடி 9 அங்குலத்திலிருந்து 20 அடி 9 அங்குலத்துக்குத் தள்ளப்பட்டது. ரிச்சர்ட்ஸ் பட்டம் பெற்றுப் போனதால் பந்தைக் கொண்டுசெல்லும் பொயின்ட் கார்ட் வேலையும் கரி தலையில். அவருடைய மூன்று புள்ளி எறி முந்தைய ஆண்டின் 43.9 சதவீதத்திலிருந்து 38.7க்கு இறங்கியது. இருந்தும் ஆட்டத்துக்கு 28.6 புள்ளிகளோடு நாட்டிலேயே முதலிடம். சதவீதத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதைச் சரிவு என்பார்கள். எனக்கு அது தொழில்முறை ஆட்டத்துக்கான ஒத்திகை. என்.பி.ஏ.யில் கோடு நடுப்பகுதியில் 23 அடி 9 அங்குலம், மூலைகளில் 22 அடி. பந்தைக் கையாளத் தெரியாத ஆறடிக்காரருக்கு அங்கே வேலையும் இல்லை.

2009 ட்ராஃப்டில் (என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தெரிவுசெய்யும் நிகழ்வு) மினசோட்டா ஐந்தாம், ஆறாம் தெரிவுகள் இரண்டையும் பொயின்ட் கார்ட்களுக்கே செலவிட்டது. இரண்டிலும் கரி இல்லை. ஏழாவதாக கோல்டன் ஸ்டேட் எடுத்தது. முதல் பருவத்தில் விழுந்த மூன்று புள்ளி எறிகள் 166, அறிமுக வீரர்களில் அன்றைய சாதனை.

பிறகு வலது கணுக்கால். 2011இலும் 2012இலும் சத்திரசிகிச்சை. 2011–12 பருவத்தில் 26 ஆட்டங்களே ஆடினார். அவர் ஓட்டத்தில் திடீரென்று திரும்பி நிற்கும் பாரத்தை இடுப்பு வாங்காமல் கணுக்கால் வாங்கிக்கொண்டிருந்தது. பட்டி கட்டுவதால் மட்டும் இது தீராது. பயிற்சியாளர்கள் முதுகை நேராக வைத்து இடுப்பில் மடங்கி எழும் அசைவைப் பழக்கினார்கள், பிட்டத் தசைகளையும் பாரம் தூக்கி வலுப்படுத்தினார்கள். காலப்போக்கில் தன் எடையைப்போல் இரு மடங்குக்கு மேல் தரையிலிருந்து தூக்குமளவுக்கு வந்தார். கணுக்கால் சந்தேகத்தால் 2012இல் நான்கு ஆண்டுக்கு 44 மில்லியன் டொலர் என்ற மலிவான ஒப்பந்தமே கிடைத்தது. அந்தப் பருவமே 272 மூன்று புள்ளி எறிகள் எடுத்து, ஒரே பருவத்தில் ரே அலன் வைத்திருந்த 269 என்ற சாதனையை முறியடித்தார். 2015–16இல் 402.

டேவிட்சனில் ஒரு விதி. பட்டம் பெறாதவருடைய சட்டை இலக்கத்தைக் கல்லூரி ஓய்வுபெறச் செய்யாது, அதாவது வேறு யாருக்கும் கொடுக்காமல் அவருக்கென ஒதுக்கி வைக்காது. மூன்றாம் ஆண்டோடு வெளியேறியவருக்கும் அதுவே சட்டம். கரி மிச்சப் பாடங்களை முடித்து 2022இல் சமூகவியலில் பட்டம் பெற்றார். 30ஆம் இலக்கம் அதன் பிறகுதான், அதே ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதி, ஓய்வுபெற்றது.