அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடு

பெரியப்பா என்னோடு பேசுவதில்லை. பெரியம்மாவோ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று நேரத்துக்கு ஒரு போன் போடுகிறார். இரண்டுக்கும் காரணம் ஒரே கேசட்.

ரங்கூனில், தாமுவே பேட்டையிலுள்ள எங்கள் வீட்டுப் பரணை ஒழித்தபோது கிடைத்தது. வியாசர்பாடிக்கு அனுப்புவதற்காகப் பேசி வைத்தது. 1964-க்கு அப்புறம் நம் வீட்டில் பாதிப் பேர் கப்பலேறி மதராஸ் போய்விட்டார்கள், பாதிப் பேர் ரங்கூனிலேயே தங்கிவிட்டார்கள். பாட்டிக்கு எழுதவும் வராது, அடுத்தவரை எழுதவிடவும் மாட்டார். அதனால் கேசட். இதை எடுத்துப் போக வேண்டியவரின் பயணம் ரத்தாகி, அது பரணிலேயே கிடந்திருக்கிறது. மேலே அப்பாவின் கோணல் எழுத்தில் 'ஆகஸ்ட் 1987'.

பழைய டெக்கைத் திறந்தால் உள்ளே பெல்ட் சர்க்கரைப் பாகு போல உருகி ஒட்டியிருந்தது. அக்கா வீட்டு வாக்மேன்தான் மானத்தைக் காப்பாற்றியது. தலையைப் பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்துத் துடைத்தேன் (வாக்மேன் தலையை). பேச்சை யாரும் அழித்துவிடக் கூடாதென்று கேசட் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதையும் அப்பா அப்போதே உடைத்து வைத்திருந்தார். முன்யோசனைக்காரர். அப்புறம் யூஎஸ்பி சவுண்ட் கார்டு, ஒரு ஒயர், ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள். ரெடி.

ரெடி என்றால் என்ன, உட்கார வேண்டியதுதான். வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்று 1963-ல் பிலிப்ஸ்காரன் வைத்த வேகத்தில்தான் அது இன்றும் ஓடும். இது சி-90, அதாவது இரண்டு பக்கமும் சேர்ந்து 90 நிமிடம் ஓடுவது; உள்ளே சுமார் 130 மீட்டர் நாடா. ஒரு பக்கம் முடிய முக்கால் மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். "ஃபாஸ்ட்டா ஓட்டி ஏத்தக் கூடாதாடா?" என்று பெரியப்பா கேட்டார். பாட்டி பேச்சை வேகமாக ஓட்டும் தைரியம் பாட்டி இருந்தபோது யாருக்கு இருந்தது?

லேப்டாப்பில் சார்ஜரைச் செருகினால் பின்னணியில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். பிடுங்கினால் சுத்தம். ஆக, கரண்ட் இல்லாத நேரம்தான் பதிவுக்கு உகந்த நேரம். நம் ஊரில் அதற்கா பஞ்சம்! ஆனால் தெருவில் பிள்ளைகள் "மீ லாபி!" (கரண்ட் வந்துடுச்சு) என்று கத்தியதும் மோட்டார் போட, அரிசிக் குக்கர் வைக்க, துணி தேய்க்க என்று மொத்தக் கூட்டமும் எழுந்து ஓடிவிடும். மறுபடி கரண்ட் போனால்தான் வந்து உட்கார்வார்கள். நடுவில் வாக்மேன் பேட்டரி இறங்கி, பாட்டி குரல் மெல்ல மெல்லத் தாத்தா குரலானது. அதையும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒருவழியாகப் பக்கம் ஒன்று 450 எம்பிக்கு மேல் கனத்தோடு ஏறியது. திரையில் ஒலியலை எங்கெல்லாம் மேலும் கீழும் முட்டி நிற்கிறதோ அங்கெல்லாம் பாட்டி. அப்போது அக்கா மகன் சும்மா இருக்காமல், "இதுல எந்த இடத்தை வேணும்னாலும் வெட்டலாம் பாட்டி" என்று பெரியம்மாவிடம் சொல்லித் தொலைத்தான்.

அவ்வளவுதான், மனுக்கள் வர ஆரம்பித்தன.

முதல் மனு பெரியம்மாவுடையது. புது மருமகளின் குழம்பில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, புளி மட்டும் யார் வீட்டுக் காசோ என்று கொட்டியிருக்கிறது எனப் பாட்டி மதராஸுக்கே தெரிவிக்கும் பகுதி. அத்தைக்கு, தான் பாட்டுப் பாடுகிறேன் என்று பண்ணிய அநியாயம் போக வேண்டும். சித்தப்பாவுக்கு, பரீட்சையில் பாஸ் என்று அப்போது அவர் அடித்துவிட்ட புளுகு போக வேண்டும். எல்லாவற்றையும் வெட்டினால் மிஞ்சுவது தாத்தாவின் இருமலும், வாசலில் மொஹிங்கா (பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ்) விற்றுப் போனவளின் கூவலும்தான்.

பெரியப்பா மட்டும் தனியாக, ராத்திரியில், என் கையில் டீயைக் கொடுத்துவிட்டுக் கேட்டார். "இருபதாவது நிமிஷத்துல ஒரு சின்ன இடம்டா."

அந்தச் சின்ன இடத்தில் அவர் சொல்வது இது: "வர்ற தீபாவளிக்கு இவளுக்கு ரெட்டைவடச் சங்கிலி. காசெல்லாம் ரெடி. 75 சாட் நோட்டா டிரங்குப் பெட்டியில அடுக்கியாச்சு."

75 சாட் நோட்டாக! பேசியது ஆகஸ்டில். செப்டம்பர் 5-ஆம் தேதி 25, 35, 75 சாட் (பர்மாப் பணம்) நோட்டு மூன்றும் செல்லாது என்று பர்மா அரசாங்கம் அறிவித்துவிட்டது. பிறகு ஒன்பதால் வகுபடும்படி 45, 90 என்று புது நோட்டு வந்தது. சங்கிலி வரவில்லை. சங்கிலி என்று ஒரு பேச்சே எழவில்லை என்பதுதான் பெரியப்பா இத்தனை வருஷமாகச் சாதித்து வந்தது. இப்போது சாட்சி கிடைத்துவிட்டது. பெரியம்மா கேட்டுக்கொண்டபடி அந்த ஒரு வரியை மட்டும் தனியாக எடுத்து அவர் போனில் ரிங்டோனாக வைத்தது நான்தான். சோறு போடுகிறவர் கேட்டால் மறுக்க முடியுமா?

குழம்பு மனு என்னவாயிற்று என்றால், வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை போட்டுக் காட்டு என்றார். போட்டேன். சத்தத்தைக் கூட்டு என்றார். கூட்டினேன். "கிழவிக்கு என்ன தொண்டை பாரு" என்று சிரித்தார். இன்னொரு தரம் போடச் சொன்னார். வெட்டுகிற பேச்சையே அப்புறம் எடுக்கவில்லை.

ஃபைலை வியாசர்பாடிக்கும் அனுப்பினோம். பேச வேண்டியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. இருக்கிறவர்களிடமிருந்து உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது. பாட்டி அதில் சொல்லும் ஆட்டுக்கல் உண்மையில் எங்கள் பங்கு, அது இப்போது யார் வீட்டில் இருக்கிறது? இது முதல் கேள்வி. இரண்டாவது, அவர்களிடமும் ஒரு மூட்டை கேசட் இருக்கிறதாம், வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறார்களாம், தம்பி சும்மாதானே இருக்கிறான்.

அத்தனையும் சி-120. பக்கத்துக்கு ஒரு மணி நேரம், நாடாவோ தொட்டாலே சிக்கிக்கொள்ளும் மெல்லிசு. வருகிற ஆளின் பயணம் ரத்தாக வேண்டும் என்று காளியம்மன் கோவிலில் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.