மாசத்துக்கு ரெண்டு சிகரெட்டுதான், டேர்ம் பாலிசி ஃபார்ம்ல ஆமான்னே எழுதுனேன்

திருப்பூர்ல சின்னதா துணி தைக்கற பவர் டேபிள் யூனிட் வெச்சு ஜாப் ஒர்க் பண்றனுங்க, பன்னெண்டு மெஷின், அதுல எட்டு பேங்க் லோன்ல வாங்குனது. ஊடு பெருந்துறைக்குப் பக்கத்துல. வயசு 36, ரெண்டு கொழந்தைங்க, பெரியவ மூணாவது படிக்கறா. எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா லோனும் சேர்ந்து ஊட்டு தலைல விழுமேன்னு ரொம்ப நாளா மனசுக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு, போன வருஷக் கடைசிலதான் ஒரு கோடிக்கு டேர்ம் பாலிசி, அதாவது கவர் இருக்கற காலத்துல ஆள் போயிட்டா ஊட்டுக்குப் பணம் வர்ற லைஃப் பாலிசி, எடுத்தரலாம்னு உக்காந்தேன். 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் லைஃப் பாலிசிக்கு ஜிஎஸ்டி கெடயாது, முன்னாடி 18 பர்சன்ட் கட்டோணும், அதனால இப்ப எடுத்தா தேவலைன்னு ஒரு நெனப்பு வேற.

என்னைய சிகரெட் குடிக்கறவன்னு ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க. ஷிப்மென்ட் போற ராத்திரி பேக்கரில டீயோட ஒண்ணு, கெடா விருந்து, நோம்பின்னு ஒறம்பரைங்க கூடுனா ஒண்ணு, மாசத்துக்கு ரெண்டு, மிஞ்சுனா மூணு. பாக்கெட்டா வாங்குனதே இல்ல. அதனால ஆன்லைன்ல ரேட் பாக்கறப்ப புகையிலை கேள்விக்கு கை தானா இல்லங்கறத அமுக்கிருச்சு, 65 வயசு வரைக்கும் கவர், வருஷத்துக்கு 15,800 ரூவான்னு காட்டுச்சு. சரி, ஆமான்னு போட்டா எவ்வளவுன்னு பாப்பமேன்னு மாத்துனேன், 26,400. பத்தாயிரத்துக்கு மேல வித்தியாசம், அதும் வருஷா வருஷம், 29 வருஷத்துக்கு. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

தெரிஞ்ச ஏஜென்ட் அண்ணன் ஒருத்தர் இருக்காரு, நல்ல மனுசன், எங்கப்பா காலத்துல இருந்து பழக்கம். அவருகிட்ட கேட்டா, "தம்பி, மாசத்துக்கு ரெண்டெல்லாம் ஒரு கணக்கா, இல்லன்னு போட்டுருங்க, டெஸ்டுக்கு முன்னாடி பத்து நாள் தொடாம இருங்க, ஒண்ணும் தெரியாது"ன்னு சொன்னாரு. அவரு சொன்னதுல ஒரு பாதி உண்மைதானுங்க. டெஸ்டுல பாக்கறது கோட்டினின்னு ஒண்ணு, நிக்கோட்டின் ஒடம்புக்குள்ள போயி மாறி வர்றது. ரத்தத்துல அது பாதியா கொறைய கிட்டத்தட்ட 16ல இருந்து 20 மணி நேரம் ஆகும், அப்ப எப்பயாச்சும் ஒண்ணு குடிக்கறவனுக்கு நாலஞ்சு நாள்ல சுத்தமா போயிரும், தெனமும் குடிக்கறவங்களுக்குத்தான் இன்னும் எச்சா நாள் நிக்கும்.

நானும் அப்படியே செஞ்சிருப்பேன். ஃபார்ம்ல முன்னாடி ஆஸ்பத்திரில அட்மிட் ஆயிருக்கீங்களான்னு ஒரு கேள்வி இருந்துச்சு, ரெண்டு வருஷம் முந்தி டெங்கு வந்து நாலு நாள் படுத்திருந்தேன், அந்த தேதிக்காக பீரோல இருந்து பழைய ஃபைல எடுத்தேன். டிஸ்சார்ஜ் சம்மரி, ரெண்டு பக்கம். ப்ளேட்லெட் கணக்கு, குளுக்கோஸ் ஏத்துனது எல்லாத்துக்கும் மேல பழக்கவழக்கம்னு ஒரு வரி, அதுல அப்பப்ப புகைபிடிப்பவர்னு டைப் அடிச்சிருக்கு. எப்ப கேட்டாங்க, நான் எப்ப சொன்னேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. காய்ச்சல்ல கெடக்கறப்ப ட்யூட்டி டாக்டர் கேட்டிருப்பாரு, நானும் சொல்லிருப்பேன். அந்தக் காயிதம் என் பீரோல மட்டும் இல்லீங்களே, ஆஸ்பத்திரி ரெக்கார்டுலயும் இருக்கும். பாலிசி எடுத்து கொஞ்ச வருஷத்துலயே ஆள் போயிட்டா கம்பெனி மொதல்ல போயி கேக்கறது அந்த மாதிரி பழைய கேஸ் ஷீட்டத்தான்.

பொறவுதான் சட்டத்தப் படிச்சேன். 1938ம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டம், பிரிவு 45, 2015ல திருத்துனது. பாலிசி குடுத்து மூணு வருஷம் முடிஞ்சுட்டா எந்தக் காரணத்துக்காகவும் கம்பெனி அதக் கேள்வி கேக்க முடியாது. அந்த மூணு வருஷத்துக்குள்ளன்னா, மறைச்சிருக்காங்க, பொய் சொல்லிருக்காங்கன்னு காரணம் காட்டி க்ளெய்ம மறுக்கலாம். மோசடி இல்ல, தப்பான தகவல்தான்னு முடிவானா கட்டுன ப்ரீமியத்த 90 நாளுக்குள்ள திருப்பித் தரோணும், அவ்வளவுதான், ஒரு கோடி வராது. புகையிலை கேள்விய சில்லறை விஷயம்னு தள்ளவும் முடியாது, ஏன்னா ரேட்டே அதவெச்சுத்தான் மாறுது. ஏஜென்ட் அண்ணன் மூணு வருஷம் ஓட்டிட்டா போதும் தம்பின்னு சொன்னாரு, ஆனா நடுவுல ப்ரீமியம் கட்டாம பாலிசி லேப்ஸ் ஆகி திரும்ப உசுரு குடுத்தா அந்த மூணு வருஷம் மறுக்கா மொதல்ல இருந்து ஆரம்பிக்கும்ங்கறத அவரு சொல்லல. நம்ம தொழில்ல பேமென்ட் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும், ஒரு சீசன் படுத்தா போச்சு.

எங்க ஊட்ல அந்த டிஸ்சார்ஜ் சம்மரிய வாங்கிப் படிச்சுட்டு சித்த நேரம் ஒண்ணும் பேசல. அப்பறம், "ஏனுங்க, நாளைக்கு இந்த ஃபைலத் தூக்கிட்டு அலையறது யாருங்க, அந்த அண்ணனா?"ன்னு கேட்டா. அதுக்கு மேல நான் எதயும் யோசிக்கல.

ஆமான்னு போட்டதும் அடுத்த கேள்வி, என்ன வகை, ஒரு நாளைக்கு எத்தன. எப்பயாச்சும்னு ஒரு கட்டமே கெடயாது, சைபர்னு போட்டா அப்ளிகேஷன் நகரவே மாட்டேங்குது. ஒண்ணுன்னு போட்டுட்டு, கம்பெனி சார்புல வீடியோ கால்ல பேசுன டாக்டரம்மாகிட்ட மாசத்துக்கு ரெண்டு மூணுன்னு தெளிவா சொன்னேன், அவங்களும் அப்படியே எழுதிக்கறேன்னாங்க. இதே மாதிரி மாட்டுனா அந்தக் கால்ல வாய்விட்டு சொல்லிருங்க, அது பதிவாகுது. கேள்வி கடைசி 12 மாசத்தப் பத்தியா, அதுக்கும் மேலயான்னு பாத்துக்கோணும், எல்லா ஃபார்மும் ஒரே மாதிரி கேக்கறதில்ல.

சிகரெட்டு மட்டும்தான்னு நெனச்சராதீங்க. பீடி, ஹான்ஸ், குட்கா, வெத்தலையோட போடற பொகையில எல்லாமே அந்தக் கேள்விக்குள்ள வருது. நிக்கோட்டின் சூயிங்கம் மென்னாலும் கோட்டினின் காட்டும், அதனால விடறதுக்காக அத மெல்றவங்க அதயும் சொல்லிரோணும். எங்க அம்முச்சிகிட்ட இதச் சொன்னப்ப நம்பவே இல்ல. சுருக்குப்பைல இருந்து வெத்தலைய எடுத்து, காம்பக் கிள்ளி, சுண்ணாம்பத் தடவி, பொகையில ஒரு இணுக்கு பிச்சு வெச்சு மடிச்சுட்டே, "இது வாயில போடறதுதானே கண்ணு, பொகையா வருது?"ன்னு கேட்டாங்க. அவங்க பொறந்தது அந்தியூர் பக்கம், காட்டுல மஞ்சள், கரும்பு மாதிரி பொகையிலயும் ஒரு வெள்ளாமைதான் அவங்களுக்கு. கெட்ட பழக்கம்னு ஒரு நாளும் நெனச்சதில்ல, எங்க பக்கத்துல பாதி சனம் அப்படித்தான், அதனாலதான் ஃபார்ம்லயும் மனசறிஞ்சு பொய் சொல்றோம்னு தோணாமயே இல்லன்னு போட்டர்றாங்க, எனக்கு அதுதான் ரொம்ப பயமா இருக்கு.

ரத்தம், யூரின், ஈசிஜி எல்லாம் ஊட்டுக்கே வந்து எடுத்தாங்க, 12 மணி நேரம் சாப்பிடாம இருக்கோணும். ரிப்போர்ட்ல கோட்டினின் நெகட்டிவ். ஏஜென்ட் அண்ணன் போன் பண்ணி, பாத்தீங்களா தம்பி, சொன்னனே, வீணா வருஷத்துக்கு பத்தாயிரம் போச்சுன்னாரு. கம்பெனிக்கு மெயில் போட்டு டெஸ்டுதான் நெகட்டிவாச்சே, ரேட்டக் கொறைக்க முடியுமான்னு கேட்டேன், நீங்க சொன்னத வெச்சுத்தான் ரேட்டு, டெஸ்ட வெச்சு இல்லன்னு பதில் வந்துச்சு. அமெரிக்கால வருஷத்துக்கு சில சுருட்டு மட்டும் குடிக்கறவங்க அதச் சொல்லிட்டு டெஸ்டும் நெகட்டிவா வந்தா சில கம்பெனிங்க குடிக்காதவங்க ரேட்டே குடுக்கறாங்க. நான் பாத்த ஃபார்ம்ல எல்லாம் ஆமா, இல்ல ரெண்டுதான், மாசத்துக்கு ரெண்டு குடிக்கறவனும் நாளைக்கு பத்து குடிக்கறவனும் ஒரே ரேட்டு. இது நாயமே இல்லன்னுதான் இன்னமும் நெனைக்கறேன், அதுக்காகப் பொய் சொல்ல எனக்கு தைரியம் இல்லீங்க.

பணத்தக் கட்டி பாலிசி வந்துச்சு. வந்ததுல இருந்து 30 நாள் ஃப்ரீ லுக், புடிக்கலைன்னா திருப்பிரலாம். அது கூடவே ப்ரொப்போசல் ஃபார்ம், அதான் நம்ம குடுத்த அப்ளிகேஷன், அதோட காப்பியும் இருக்கும், தயவு செஞ்சு ஒவ்வொரு வரியா படிங்க. நான் படிச்சப்ப புகையிலை ஆமான்னு சரியா இருந்துச்சு, ஆனா ஆஸ்பத்திரில அட்மிட் ஆன கேள்விக்கு இல்லன்னு இருந்துச்சு. நான் டெங்கு தேதியோட சொன்னதுதான், டைப் அடிக்கறப்ப எங்கயோ விட்டிருக்காங்க. அன்னைக்கே டிஸ்சார்ஜ் சம்மரிய ஸ்கேன் பண்ணி மெயில் போட்டேன், ரெண்டு தடவ போன் பண்ணி ஞாபகப்படுத்துனேன், ஆறு நாள் கழிச்சு திருத்துன காப்பி வந்துச்சு, ரேட்டு மாறல.

கடைசியா குடிச்சது பொங்கலுக்கு முந்துன வாரம். முழுசா ஒரு வருஷம் தாண்டுனா குடிக்காதவன் ரேட்ல புதுசா ஒண்ணு போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன், வயசு ஒண்ணு ஏறிருக்கும், டெஸ்டு, மூணு வருஷக் கணக்கு எல்லாம் மறுக்கா ஆரம்பிக்கும், அதனால புதுசு கைக்கு வர்ற வரைக்கும் இத விடப்போறதில்ல. அந்தத் திருத்துன காப்பிய பழைய டெங்கு ஃபைலுக்குள்ளயே வெச்சு, காட்டுப் பத்திரம் இருக்கற தட்டுல வெச்சிருக்கோம். எங்க ஊட்ல எல்லாத்தயும் போட்டோ எடுத்து அவ போன்லயும் வெச்சுக்கிட்டா.